கருத்தடைச் சத்திரசிகிச்சை: வதந்திக்குப் பின்னால் மறைந்துபோன தாய்மாரின் வலி

இரண்டு வருடங்களுக்கு முன்பு எனது வகுப்பில் படித்த ஒரு மாணவி தொடர்ந்து ஐந்து நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. ஆறாம் நாள் வந்தபோது காரணம் கேட்டேன். "உம்மாவுக்குக் காய்ச்சல் டீச்சர். இப்ப ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. தம்பியப் பாக்க வீட்டுல ஆள் இல்ல" என்றாள். பருவமழைக் காலம். டெங்குவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய் வந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் போகாமல் நின்றார். பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு விடயம்.

அவருக்கு இருதய வால்வில் கோளாறு. நாலாவது பிள்ளை கிடைத்த பிறகு, இன்னொரு முறை கர்ப்பம் தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று விசேட வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்து, பலோப்பியன் குழாய்களைக் கட்டி வெட்டும் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார்கள். நமது வைத்தியசாலைகளில் 'எல்.ஆர்.டி.' என்று சொல்வது இதைத்தான். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மாமியாரிடம் சின்னக் கட்டியொன்று எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் தொடங்கின. பெனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வைத்தியசாலையில் கொடுத்த துண்டில் அறிவுறுத்தல்கள் எழுதியிருந்தன. ஆனால் அது சிங்களத்தில் இருந்தது. நாலு நாட்களுக்குப் பிறகு மயங்கி விழுந்தபோதுதான் கொண்டுபோனார்கள். காயத்தில் பிடித்த கிருமி வயிற்றுக்குள்ளும் பரவியிருந்தது.

"வயிறு வலிக்குதெண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பாங்க டீச்சர். ஒபரேஷன் செஞ்சத சொல்ல வேண்டி வரும். அதான் பேசாம இருந்தன்" என்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். பெயரும் ஊரும் வராமல் எழுதுவதற்கு அனுமதியும் தந்தார். ஆனால் அந்த "பேசாம இருந்தன்" என்ற சொல் என்னை விடவில்லை. கடந்த சில ஆண்டுகளில் இந்த நாட்டில் 'கருத்தடை' என்ற சொல்லைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு வேறெந்த மருத்துவச் சொல்லும் பேசப்படவில்லை. அவ்வளவு பேச்சுக்கு நடுவிலும், அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்ட ஒரு தாய்க்குத் தனக்கு வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு சொல் எப்படி ஆயுதமானது

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய உணவகத்தில் தொடங்கிய பிரச்சினை நமக்கெல்லாம் நினைவிருக்கும். சாப்பாட்டில் காணப்பட்ட மாக்கட்டியை 'மலட்டு மாத்திரை' என்றார்கள். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தபோது அது வெறும் மாப்பொருள் என்று தெரியவந்தது. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் இல்லை. ஆனால் உண்மை வெளிவருவதற்கு முன்பே எரிய வேண்டியவை எரிந்துவிட்டன.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஒரு மாதம் சற்றே கடந்த நிலையில், 2019 மே 23ஆம் திகதி 'திவயின' பத்திரிகையின் முன்பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிசேரியன் செய்யும்போது 4,000 சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கிவிட்டார் என்பதே அதன் சாரம். அடுத்த நாளே குருநாகல் போதனா வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். அவருக்கு எதிராக முறைப்பாடு கொடுக்கப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். குற்றச்சாட்டை நிரூபிக்கச் சான்றுகள் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஜூலை 25ஆம் திகதி அவருக்குப் பிணை கிடைத்தது. நீண்ட காலத்துக்குப் பிறகுதான் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் அதிகமான ரூபாவை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு அத்தியாவசிய மருந்து வாங்க அவர் அப்படியே கொடுத்துவிட்டார்.

அந்தக் குற்றச்சாட்டு ஏன் நம்பத்தகாதது என்பதற்கு மருத்துவம் தெரிந்திருக்கத் தேவையில்லை. சிசேரியன் என்பது பூட்டிய அறையில் ஒருவர் தனியாகச் செய்யும் வேலை அல்ல. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், உதவி வைத்தியர், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி, பிள்ளையை ஏந்திக்கொள்ளும் மருத்துவிச்சி என ஒரு குழுவே அந்த மேசையைச் சுற்றி நிற்கும். அவர்களில் பெரும்பாலானோர் சிங்களச் சகோதரிகள். ஆயிரக்கணக்கான தடவை அவர்கள் அத்தனை பேரின் கண்ணையும் மறைத்து ஒருவர் குழாயை நசுக்கினார் என்று நம்பச் சொன்னார்கள்.

இதையெல்லாம் நாம் பலமுறை எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது இதற்கு அடுத்த விடயம். இந்த இரண்டு சம்பவங்களிலும் நாம் நமது சமூகத்தைப் பாதுகாக்க வேண்டியிருந்தது. அது நியாயம். ஆனால் அந்த அவசரத்தில், இந்தச் சத்திரசிகிச்சை உண்மையில் என்ன, அதில் என்ன பிழைக்கலாம், பிழைத்தால் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சையில் என்ன நடக்கிறது?

சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டை கருப்பைக்கு வருவதற்கான பாதைதான் பலோப்பியன் குழாய். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டையும் அடைத்துவிட்டால் விந்தும் முட்டையும் சந்திக்காது. சிசேரியனோடு சேர்த்தே இதைச் செய்யலாம். சுகப்பிரசவத்துக்குப் பிறகோ, சில மாதங்கள் கழித்தோ அடிவயிற்றில் சிறிய வெட்டொன்று போட்டும் செய்யலாம். மூன்றாவது முறை, தொப்புளுக்கு அருகே கமெராக் குழாயை உள்ளே செலுத்தி, கிளிப் அல்லது வளையம் மாட்டுவது அல்லது சூட்டினால் அடைப்பது.

அனுபவமுள்ள கையும் சுத்தமான கருவியும் இருந்தால் இது பாதுகாப்பான சத்திரசிகிச்சைதான். இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாதுகாப்பானது என்றால் ஆபத்தே இல்லாதது என்று அர்த்தமில்லை. வயிற்றைத் திறக்கும் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் உள்ள ஆபத்துகள் இதற்கும் உண்டு: மயக்க மருந்தினால் வரும் சிக்கல், இரத்தக்கசிவு, காயத்தில் கிருமித்தொற்று, அருகிலுள்ள குடலிலோ சிறுநீர்ப்பையிலோ இரத்தக் குழாயிலோ காயம் ஏற்படுவது. கமெரா மூலம் செய்யும் சத்திரசிகிச்சைகளில் இத்தகைய பாரதூரமான சிக்கல் ஆயிரம் பேரில் சுமார் இரண்டு பேருக்கு வரலாம் என்று பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி சொல்கிறது. முன்பு சிசேரியன் செய்தவர்கள், உடற்பருமன் கூடியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து சற்று அதிகம்.

இவற்றில் மிகவும் ஏமாற்றக்கூடியது குடலில் ஏற்படும் காயம். சூட்டினால் குடலில் சிறு தீக்காயம் பட்டால் அன்றைக்கே தெரியாமல் போகலாம். தாய் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். சில நாட்கள் கழித்து அந்த இடம் ஓட்டையாகி, கழிவு வயிற்றறைக்குள் கசியும்போதுதான் காய்ச்சலும் வாந்தியும் வயிற்று வீக்கமும் தொடங்கும். ஆகவே "ஒபரேஷன் செய்து நாலு நாளாயிற்று, இனி ஒன்றும் வராது" என்று இருந்துவிடக் கூடாது. கிருமித்தொற்றும் அப்படித்தான். முதல் ஒரு வாரத்தில், அதாவது தாய் வீட்டில் இருக்கும் நாட்களில்தான், அது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. அந்த நாட்களில் அவரைக் கவனிப்பவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாவிட்டால் எதைக் கவனிப்பார்கள்?

நீண்டகாலத்தில் வரக்கூடியவையும் உண்டு. இது நூற்றுக்கு நூறு கருத்தடையும் அல்ல. அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பத்து வருடங்களுக்குள் ஆயிரத்துக்கு 18 அல்லது 19 பேர் என்ற கணக்கில் மீண்டும் கருவுற்றிருந்தார்கள். அந்தக் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே தங்கியது. குழாய்க்குள் தங்கும் கரு வளர்ந்து குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். எல்.ஆர்.டி. செய்த பெண்ணுக்கு மாதவிடாய் தவறி, அடிவயிற்றின் ஒரு பக்கம் வலித்து, தலைசுற்றினால், "நமக்குத்தான் நிறுத்தியாயிற்றே" என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பத்து வருடம் கடந்திருந்தாலும் இது பொருந்தும்.

உடம்பில் தெரியாத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அது பிறகு வருந்துவது. அதே ஆய்வைத் தொடர்ந்தவர்கள், 30 வயதுக்குள் இதைச் செய்துகொண்டவர்களில் சுமார் 20 சதவீதமானோர் பிற்காலத்தில் வருந்தியதாகக் கண்டார்கள். 30 வயதைத் தாண்டியபின் செய்தவர்களில் அது 6 சதவீதமளவே. குழாய்களை மீண்டும் இணைக்கும் சத்திரசிகிச்சை எல்லோருக்கும் கைகூடுவதில்லை. ஆகவே இதை நிரந்தரமானது என்று எண்ணியே முடிவெடுக்க வேண்டும்.

நமது பெண்கள் அஞ்சும் வேறு சில விடயங்கள் உண்டு. உடம்பில் பலம் போய்விடும், மாதவிடாய் தாறுமாறாகும் என்பார்கள். மாதவிடாய் பற்றி அதே பெண்களிடம் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு மாதவிடாய்க் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக வரவில்லை என்று அது காட்டியது. முன்பு கருத்தடை மாத்திரை பாவித்தவர்கள் அதை நிறுத்தும்போது பழைய அளவுக்கு இரத்தப்போக்கு திரும்பும். அதைத்தான் பலர் ஒபரேஷனின் விளைவு என்று எண்ணிவிடுகிறார்கள்.

பாடசாலை மேசைகளில் நடந்த சத்திரசிகிச்சை

இந்தச் சத்திரசிகிச்சை உண்மையிலேயே பெண்களைக் கொன்ற இடங்கள் உண்டு. அங்கே நடந்ததைப் பார்த்தால், நாம் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பது விளங்கும்.

இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாஸ்பூர் மாவட்டம். 2014 நவம்பர் 8ஆம் திகதி, பாவனையில் இல்லாமல் கிடந்த ஒரு தனியார் வைத்தியசாலைக் கட்டடத்தில் அரசு கருத்தடை முகாம் நடத்தியது. சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் ஒரே வைத்தியர். ஒரு நாளைக்கு ஒரு வைத்தியர் 30க்கு மேல் செய்யக் கூடாது என்பது அந்த நாட்டு அரசின் சொந்த விதி. அவர் 50,000 கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் செய்ததற்காக மாநில அரசின் பாராட்டைப் பெற்றவர். முகாமுக்கு வந்த பெண்களுக்குக் கையில் கிடைத்தது 600 இந்திய ரூபா. பெரும்பாலும் ஏழைகள், தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த இளம் தாய்மார். வீட்டுக்குப் போனபின் வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கின. 13 பேர் இறந்தார்கள். பிறகு, கொடுத்த மாத்திரையில் நஞ்சு கலந்திருந்ததா, சுத்தமில்லாத சத்திரசிகிச்சையால் கிருமி பரவியதா என்று அதிகாரிகளும் வைத்தியர்களும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். எது உண்மையானாலும் அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒன்றுதான்.

அதற்கு ஏறத்தாழ மூன்று வருடங்களுக்கு முன்பு, 2012 ஜனவரியில், பீகார் மாநிலத்தின் அராரியா மாவட்டத்தில் நடந்தது ஓர் ஆசிரியையாக என்னை இன்னும் உறுத்துகிறது. ஓர் அரச பாடசாலையில், இரவு நேரத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்கு இதே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஓடும் தண்ணீர் வசதி இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் வேலை நடந்தது. படுக்க வைத்தது பிள்ளைகள் எழுதும் மேசைகளில். அவர்களில் ஒருவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். அதைக்கூட யாரும் பரிசோதிக்கவில்லை. அந்தக் கரு கலைந்துபோனது.

இதைக் கண்டு தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூக செயற்பாட்டாளர் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2016 செப்டம்பர் 14ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 2010 முதல் 2013 வரை மட்டும் கருத்தடைச் சத்திரசிகிச்சையின்போதோ அதன் பின்னரோ 363 பெண்கள் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கை நீதிமன்றம் குறிப்பிட்டது. முகாம்களை மூன்று வருடங்களுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது.

இந்த இரண்டு இடங்களிலும் எந்த வைத்தியரும் ஒரு சமூகத்தை அழிக்கத் திட்டம் போடவில்லை. இத்தனை பேருக்குச் செய்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. வருபவருக்குக் காசு இருந்தது. அழைத்து வருபவருக்கும் காசு இருந்தது. அந்தப் பெண்ணிடம் விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அவளும் கேள்வி கேட்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

நமது நாட்டில் இப்படிப்பட்ட முகாம்களைக் கண்டதில்லை என்று ஆறுதலடையலாம். நமது இலவச சுகாதார சேவை அதற்கு எவ்வளவோ மேல். ஆனால் 1980களில் இங்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபாவாக இருந்தது. அன்றைய 500 ரூபா ஒரு தோட்டத் தொழிலாளிக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்று நமது பெற்றோரிடம் கேட்டால் சொல்வார்கள். மலையகத் தோட்டங்களில் இந்தச் சத்திரசிகிச்சை ஏனைய பகுதிகளைவிட அதிகம் என்பதும், அந்தப் பெண்களில் எத்தனை பேர் முழுமையாக விளங்கிச் சம்மதித்தார்கள் என்பதும் நீண்டகாலமாகக் கேட்கப்படும் கேள்வி.

குருநாகலில் வரிசையில் நின்றவர்கள்

இனி 2019க்குத் திரும்பிப் பார்ப்போம். குருநாகலில் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்ற சிங்களத் தாய்மாரை நாம் கோபத்தோடுதான் பார்த்தோம். அவர்களைத் தூண்டியவர்கள் இருந்தார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை பேரும் பொய் சொல்லத்தான் வந்தார்கள் என்று இன்று என்னால் எண்ண முடியவில்லை. முதல் பிள்ளைக்குப் பிறகு இரண்டாவது பிள்ளை கிடைக்காமல் தவித்தவர்கள், சிசேரியனுக்குப் பிறகு ஓயாத அடிவயிற்று வலியோடு இருந்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தொற்று, வயிற்றுக்குள் தழும்புகள் ஒட்டிக்கொள்வது, கணவனிடம் உள்ள குறை என இதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அந்தக் காரணத்தை யாரும் அவர்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்க மாட்டார்கள். பதில் கிடைக்காத வலிக்கு ஒரு பத்திரிகை பதில் கொடுத்தது. அது பொய்யான பதில் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்று நமது வார்டுகளில் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்று பிள்ளை பெற்ற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். வலி வந்த நேரத்தில், தள்ளுவண்டியில் படுத்திருக்கும்போது, தெரியாத மொழியில் அச்சிட்ட தாளில் "இதில் சைன் வையுங்கள்" என்பார்கள். நாமும் வைத்துவிடுவோம். என்ன எழுதியிருந்தது என்று பிறகு கேட்டால் தெரியாது. எந்த வைத்தியர்மீதும் நான் குறை சொல்லவில்லை. ஒரு தாதிக்கு ஒரு வார்டில் எத்தனை தாய்மார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் விளங்கிக் கொடுத்த சம்மதம் என்பது தாய்க்கு எவ்வளவு பாதுகாப்போ, அவ்வளவு வைத்தியருக்கும் பாதுகாப்பு. ஒவ்வொரு தாயும் தனக்கு என்ன செய்யப்பட்டது, என்ன செய்யப்படவில்லை என்பதைத் தனது மொழியில் எழுதிய தாளோடு வீட்டுக்குப் போயிருந்தால், 4,000 என்ற வதந்தியை நம்ப எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அடுத்த வதந்தியில் அடுத்த முஸ்லிம் வைத்தியரைக் காப்பாற்றப் போவதும் அந்தத் தாள்தான்.

நமது வீட்டுக்குள்

இனி நமது பக்கம். நிரந்தரக் கருத்தடை பற்றிய மார்க்கத் தீர்ப்பு நமக்குத் தெரிந்ததுதான். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, ஆணிடமோ பெண்ணிடமோ பிள்ளை பெறும் ஆற்றலை நிரந்தரமாக நீக்குவது கூடாது என்றது. அதே தீர்மானத்தில் மார்க்கம் ஏற்றுக்கொள்ளும் நிர்ப்பந்தம் இருந்தால் தவிர என்றும் சொன்னது. தற்காலிகமாகப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதற்கு, கணவனும் மனைவியும் கலந்து பேசி உடன்பட்டால், இடம் கொடுத்தது.

நாம் முதல் பகுதியை மட்டும் மனனமிட்டு வைத்திருக்கிறோம். 'நிர்ப்பந்தம்' என்ற சொல்லுக்குள் எத்தனை தாய்மார் இருக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை. இருதய நோயுள்ளவர், மூன்று நான்கு சிசேரியன் செய்தவர் எல்லாம் நமது தெருவிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நச்சுக்கொடி பழைய தழும்போடு ஒட்டி வளரும் ஆபத்து கூடுகிறது. அப்படி ஒட்டினால் பிரசவத்தில் கட்டுப்படுத்த முடியாத இரத்தப்போக்கு வரும். வைத்தியர் "இனி வேண்டாம்" என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டு முடிவெடுத்த பெண்ணை ஊர் குற்றவாளியாகப் பார்க்கும் என்ற பயம்தான் எனது மாணவியின் தாயை நாலு நாட்கள் பெனடோலோடு படுக்க வைத்தது. மார்க்கம் கேட்காத இரகசியத்தை ஊர் கேட்டது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. லூப், கையில் வைக்கும் குச்சி, மூன்று மாத ஊசி என்று தற்காலிக வழிகள் கிளினிக்கில் இருக்கின்றன. அவற்றில் எது தனக்குப் பொருந்தும் என்று மருத்துவிச்சியிடம் முதலில் கேட்கலாம். சத்திரசிகிச்சைதான் வழி என்றானால், கணவன் கூடப் போக வேண்டும். எந்த முறையில் செய்வீர்கள், யார் செய்வார், என்ன சிக்கல் வரலாம், எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும், இந்தத் தாளைத் தமிழில் தர முடியுமா என்று கேட்க வேண்டும். தமிழில் பெறுவது நமது சட்டபூர்வ உரிமை. சிசேரியனோடு சேர்த்துச் செய்வதென்றால், அந்தப் பேச்சு கர்ப்ப காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும், வலி வந்த பிறகு அல்ல.

வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவற்றைக் குளிரூட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, வயிறு ஊதுவது, நிற்காத வாந்தி, காயத்திலிருந்து சீழ் அல்லது இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பெனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே திரும்பக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது, அது உம்மாவோ ராத்தாவோ மாமியோ, உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிவாசல்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ மேடையில் இதை விரிவாகப் பேசச் சொல்லவில்லை. வைத்தியர் ஆலோசனைப்படி எடுக்கும் முடிவு கணவன் மனைவிக்குரியது, அதைத் தோண்டித் துருவுவது முஃமினுக்கு அழகல்ல என்று இரண்டு வரி சொன்னாலே போதும்.

எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆசிரிய கலாசாலையில் இனப்பெருக்கத் தொகுதியை எப்படிப் படிப்பிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பாடசாலைக்கு வந்தபின் அந்தப் பக்கங்கள் வந்ததும் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப் புரட்டிய வகுப்பொன்றில் படித்த பிள்ளைகள்தான் இன்று கிளினிக் வரிசைகளில் நிற்கும் தாய்மார். பலோப்பியன் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு சமூகத்தில், அதை யாரோ நசுக்கிவிட்டார் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை 2019இல் பார்த்தோம். சிங்களப் பாடசாலைகளிலும் அந்தப் பக்கங்கள் புரட்டப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்த வருடம் அந்தப் பாடத்தை முழுதாகப் படிப்பித்தேன். முதலில் பிள்ளைகள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பாடம் முடிய மணி அடித்த பிறகும் இரண்டு பேர் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தார்கள்.